கொடைக்கானல் ரோட்ல ஓடுற காருக்கு ஆடியோ மாத்துறீங்களா, வூஃபருக்கு முன்னாடி கதவைக் கழட்டுங்க

எங்க மச்சான் ஒரு தடவை மதுரைக்குப் போயிட்டு டிக்கி நிறைய 12 இன்ச் வூஃபர் (டம் டம்னு அதிருற பேஸ் சத்தத்துக்குன்னே இருக்குற பெரிய ஸ்பீக்கர்) பெட்டியோட திரும்பி வந்தாரு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சு நாலாவது வளைவோ அஞ்சாவது வளைவோ, பெட்டி அங்கிட்டு இங்கிட்டு சறுக்கி பின் சீட்டுல டமார்னு இடிச்சு வயரைப் பிச்சுக்கிட்டு நின்னுருச்சு, மீதி தூரம் பாட்டே இல்லாம ஊர் வந்து சேந்தாரு. சரி, அதை டைட் பண்ணிக்கிட்டாரு. அடுத்த பிரச்சனை, பூம்பாறையில இருந்து பூண்டு மூட்டை ஏத்துறதுக்கு டிக்கில இடம் இல்ல. ரெண்டு மாசத்துல அந்தப் பெட்டி வீட்டு டிவிக்குக் கீழ போயி உக்காந்துக்கிச்சு. இவ்ளோ செலவு பண்ணியும் கார்ல பாடுறவங்க குரல் அப்பவும் மூக்கடைச்ச மாதிரிதான் கேட்டுச்சு, ஏன்னா கதவுல இருந்தது கம்பெனி போட்டுக் குடுத்த அதே பழைய ஸ்பீக்கர்.

நீங்களும் அதையே பண்ணிடக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன். நான் மெக்கானிக் இல்ல, கடையும் இல்ல, என் வண்டியையும் சொந்தக்காரங்க வண்டி ஒரு மூணையும் நானே கழட்டி மாட்டினவன், அவ்ளோதான். வரிசை என்னன்னா மொதல்ல கதவு, அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் பவர் கூட்டிக் குடுக்குற பெட்டி), காசு மிச்சம் இருந்தா வூஃபர். கையில 100 ரூபா இருந்தா 60 ரூபாயை முன் கதவு ரெண்டுலயே போட்டுடுங்க.

கதவு ஏன் முக்கியம்னா, வீட்ல இருக்குற ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கு, கார் ஸ்பீக்கருக்கு அந்தக் கதவேதான் பெட்டி. அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க, பலாப்பழம் தட்டிப் பாக்குற மாதிரி. டங்குனு தகர டப்பா சத்தம் வரும். போதாததுக்கு உள்பக்கத் தகட்டுல கை போற அளவுக்கு பெரிய பெரிய ஓட்டை. ஸ்பீக்கர் கோன் முன்னாடி தள்ளுற காத்தும் பின்னாடி தள்ளுற காத்தும் அந்த ஓட்டை வழியா ஒண்ணுக்கொண்ணு கலந்துச்சுன்னா பேஸ் அங்கயே அடிபட்டுப் போயிரும். இதை அடைக்காம எவ்ளோ விலை ஸ்பீக்கர் வாங்கிப் போட்டாலும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான்.

இன்னொண்ணு நம்ம ரோடு. சமவெளில நாலாவது அஞ்சாவது கியர்ல போறவங்களுக்கு இது புரியாது, நாம மணிக்கணக்கா ரெண்டாவது கியர்லயும் மூணாவது கியர்லயும் ஏறுறோம், இன்ஜின் கத்திக்கிட்டே வரும். அந்த இரைச்சலுக்கு மேல கேக்கணும்னு வால்யூமை ஏத்துவோம், ஸ்டீரியோ தாங்காம கரகரங்கும். ஸ்டீரியோ மேல 50 வாட் நாலு சேனல்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அது ஒரு நொடி உச்சத்துல வர்ற கணக்கு. கார் பேட்டரி கரண்டுல ஸ்டீரியோவுக்குள்ள இருக்குற சின்ன ஐசி 4 ஓம் ஸ்பீக்கருக்கு விடாம குடுக்குறது சேனலுக்கு சுமாரா 18, 20 வாட்தான். அதனால எதை வாங்கினாலும் பெட்டியில பெருசா போட்டிருக்குற நம்பரைப் பாக்காதீங்க, ஆர்எம்எஸ்னு சின்னதா போட்டிருப்பாங்க, அதுதான் விடாம குடுக்குற கணக்கு, அதைப் பாருங்க.

இப்ப வேலைக்கு வருவோம். நாள் பாத்துப் பண்ணுங்க, ஜோசியத்துக்காக சொல்லல, வெயிலுக்காக. ஐப்பசி கார்த்திகை மழைல இதுல கையே வைக்காதீங்க, தை மாசி சரியான நேரம், அதுலயும் காலைல குளிர்ல ஆரம்பிக்காம 11 மணிக்கு மேல வெயில் ஏறினப்புறம் ஆரம்பிங்க. காரணம் ரெண்டு. குளிர்ல கதவு பேடோட (கதவோட உள்பக்க மூடி) பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் விறைச்சுப் போயி இழுத்த உடனே படக்குன்னு ஒடையும். அடுத்து, பனி ஈரம் இருக்குற தகட்டுல டேம்பிங் ஷீட் (தகடு அதிராம இருக்க ஒட்டுற ஷீட்) ஒட்டவே ஒட்டாது. எப்படி இருந்தாலும் கிளிப் ஒரு பத்து எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்குங்க, ராத்திரி ஏழு மணிக்கு நீங்க தேடுற சைஸ் கிளிப் மூஞ்சிக்கல்ல கிடைக்கும்னு நம்பி உக்காந்துறாதீங்க.

பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. சில வண்டில பேட்டரி எடுத்து மாட்டினா ஸ்டீரியோ கோட் நம்பர் கேக்கும், அந்தக் கார்டு மேனுவல்குள்ள இருக்கான்னு மொதல்லயே பாத்துருங்க. கதவு பேட்ல உள்கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூ, கதவை இழுத்துச் சாத்துற பிடிக்குள்ள ஒண்ணு ரெண்டு, ஓரத்துல சிலதுல ஒண்ணு, இது எல்லாம் எடுத்துட்டு கீழ் ஓரத்துல இருந்து பிளாஸ்டிக் டிரிம் டூலை விட்டு நெம்பிக்கிட்டே வாங்க, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினா பெயின்ட் போயிரும். கடைசில பேடை மேல தூக்கி எடுக்கணும், எடுத்த வேகத்துல வெளிய இழுத்துறாதீங்க, பவர் விண்டோ வயர் பின்னாடி தொங்கிக்கிட்டு இருக்கும். மஞ்சள் கலர் கப்ளர் (வயரை வயரோட சேக்குற பிளக்) எங்க பாத்தாலும் அது ஏர்பேக், தொடவே தொடாதீங்க, கதவுலயும் சரி சீட்டுக்கு அடியிலயும் சரி.

பேடை எடுத்தா ஒரு பிளாஸ்டிக் ஷீட் கருப்பு கம்மு போட்டு ஒட்டியிருக்கும். நிறைய பேரு இதை என்னமோ பேக்கிங் கவர்னு நினைச்சுக் கிழிச்சுத் தூக்கிப் போட்டுடுறாங்க, கடைல கூட. மழை பேஞ்சா கண்ணாடி ரப்பர் வழியா கதவுக்குள்ள தண்ணி இறங்கத்தான் செய்யும், அது ரிப்பேர் இல்ல, அப்படித்தான் கதவையே பண்ணியிருக்காங்க. அந்தத் தண்ணி உங்க பேடுக்கும் கால் மிதிக்கும் வராம தடுக்குறதே அந்த ஷீட்டுதான். பதமா உரிச்சு வச்சு, வேலை முடிஞ்சதும் திரும்ப ஒட்டுங்க. இறங்குன தண்ணி வெளிய போறதுக்கு கதவோட அடி ஓரத்துல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அதை ஷீட்டு போட்டு அடைச்சீங்கன்னா நம்ம ஊர் மழைக்கு கதவு தொட்டியாயிரும், ஒரே வருஷத்துல துரு.

டேம்பிங் ஷீட்ல பியூட்டைல் ரப்பர்ல மேல அலுமினியம் ஃபாயில் போட்டது, 2 மில்லிமீட்டர் கனம், அதை வாங்குங்க. தார் ஷீட் விலை கம்மி, ஆனா நாம காலைல ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பி மத்தியானம் வத்தலக்குண்டு வெயில்ல நிக்கிற ஆளுங்க, அந்தச் சூட்டுல தார் இளகி வாடை அடிச்சு கழண்டு தொங்கும். தகட்டை தின்னர்ல நல்லா துடைச்சுக் காய விட்டுட்டு, மொதல்ல வெளித் தகட்டோட உள்பக்கம், அதாவது ஸ்பீக்கருக்கு நேர் பின்னாடி இருக்குற இடத்துல ஒட்டுங்க. முழுசா மூடணும்னு இல்ல, பாதிக்குக் கொஞ்சம் கூட ஒட்டினாலே டங்கு சத்தம் டொப்புன்னு மாறிடும். ஹேர் டிரையர்ல ஷீட்டை லேசா சூடு காட்டி, சின்ன ரோலர் வச்சு ஃபாயில்ல இருக்குற புள்ளிக் கோலம் அமுங்குற வரைக்கும் உருட்டுங்க, உருட்டாம கையால தடவிட்டு விட்டா ஆறு மாசத்துல விழுந்துரும். அப்புறம் உள்தகட்டுல இருக்குற அந்தப் பெரிய ஓட்டைங்களை மூடணும். ஷீட்டை மட்டும் ஒட்டினா நடுவுல தொய்யும், அலுமினியத் தகடு இல்ல கெட்டி பிளாஸ்டிக் வெட்டி வச்சு அதுக்கு மேல ஒட்டுங்க. ஃபாயில் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கிளவுஸ் போடுங்க, நான் போடாம வாங்கின வெட்டு இன்னும் விரல்ல இருக்கு.

ஒரு கதவுக்கு மூணு மணி நேரம் ஆவும். இதை மட்டும் பண்ணிட்டு பழைய ஸ்பீக்கரையே திருப்பி மாட்டிக் கேட்டுப் பாருங்களேன், சில பேருக்கு இதுவே போதும்னு தோணிடும், எங்க சித்தப்பா வண்டில அதோட நிறுத்திட்டோம்.

ஸ்பீக்கர் மாத்துறதா இருந்தா முன்னாடிக்கு காம்போனென்ட் செட் வாங்குங்க, அதாவது கதவுல பெரிய ஸ்பீக்கர் தனியா, கீச்சுச் சத்தத்துக்கு இருக்குற சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் தனியா, நடுவுல எந்தச் சத்தம் எதுக்குப் போகணும்னு பிரிச்சு விடுற கிராஸ்ஓவர் பெட்டி. ஏற்கனவே கண்ணாடிக்குப் பக்கத்து முக்கோணத்துல டுவீட்டருக்கு இடம் இருக்குற வண்டின்னா ரொம்ப வசதி. டுவீட்டர் காதுகிட்ட வந்துட்டா பாட்டு முழங்கால்ல இருந்து கண்ணாடி உயரத்துக்கு எந்திரிச்சு வந்துரும். ஆம்ப் போடப் போறதில்ல, ஸ்டீரியோ பவர்ல மட்டும்தான் ஓட்டப் போறேன்னா சென்சிட்டிவிட்டி நம்பரைப் பாருங்க, அதாவது ஒரே பவருக்கு எவ்ளோ சத்தம் வருதுங்கிறது, 88 டெசிபல் ஸ்பீக்கரை விட 91 டெசிபல் ஸ்பீக்கர் பாதி பவர்லயே அதே சத்தம் குடுக்கும், 3 டெசிபல்னா ரெண்டு மடங்கு பவர் கணக்கு. பின் கதவு ஸ்பீக்கரை அப்படியே விட்ருங்க, பின்னாடி உக்காருறவங்க பாதி நேரம் வாந்தி கவர் புடிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஆழம் அளந்துக்குங்க. கண்ணாடியை முழுசா கீழ இறக்கிட்டு ஸ்பீக்கர் உக்காருற இடத்துல இருந்து கண்ணாடி வரைக்கும் ஸ்கேல் விட்டுப் பாருங்க, காந்தம் பெருசா இருந்தா கண்ணாடி வந்து இடிக்கும். இடம் பத்தலைன்னா நடுவுல வளையம் போடலாம், ஆனா எம்டிஎஃப் பலகை வளையம் நம்ம ஈரத்துக்கு உப்பி ரொட்டி மாதிரி ஆயிரும், பிளாஸ்டிக் வளையம் வாங்குங்க. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல ஃபோம் டேப் ஒட்டி காத்து போகாம டைட் பண்ணுங்க. கம்பெனி வயரை வெட்டாம கப்ளர் அடாப்டர் வாங்கி சொருகினீங்கன்னா நாளைக்கு வண்டியை விக்கும்போது பழையதை மாட்டிக் குடுத்துடலாம், வாரண்டி கேள்வியும் குறையும்.

பிளஸ் மைனஸ் ரெண்டு கதவுலயும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் தலைகீழா மாட்டிட்டீங்கன்னா ஒரு கோன் முன்னாடி வரும்போது இன்னொண்ணு பின்னாடி போகும், பேஸ் காணாமப் போயிரும், பாடுறவர் எங்க இருக்காருன்னே தெரியாது. சந்தேகம் இருந்தா சாதாரண 1.5 வோல்ட் பென் பேட்டரியை பெரிய ஸ்பீக்கரோட முனைல ஒரு நொடி தொட்டுப் பாருங்க, பேட்டரி பிளஸ் ஸ்பீக்கர் பிளஸ்ல பட்டா கோன் வெளிய தள்ளும். டுவீட்டர்ல இந்த விளையாட்டு வேண்டாம்.

ஸ்டீரியோவையும் மாத்துறவங்களுக்கு ஒரு விஷயம், இதுல நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். புது டச் ஸ்டீரியோ மாட்டிட்டு எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு 100.5 வச்சா வெறும் இரைச்சல். திண்டுக்கல் மதுரைன்னு கீழ அத்தனை ஊர்ல கேக்குற கொடை எஃப்எம், கொடைக்கானல்லயே எடுக்கல! ஆன்டெனா போச்சுன்னு ரெண்டு நாள் அலைஞ்சேன். கடைசில பாத்தா, நிறைய வண்டில ஆன்டெனாவோட அடியில ஒரு சின்ன பூஸ்டர் இருக்கு, அதுக்கு ஸ்டீரியோல இருந்து 12 வோல்ட் போகணும், புது ஸ்டீரியோல அதுக்குன்னு ஒரு நீல வயர் வரும், நான் அதை டேப் சுத்தி உள்ள மடக்கி வச்சிருந்தேன். அதைச் சேத்ததும் கணீர்னு எடுத்துச்சு. சில வண்டிக்கு ஆன்டெனா கேபிள்லயே பவர் குடுக்குற தனி அடாப்டர் வேணும், கப்ளரோட சேத்தே கேட்டு வாங்கிக்குங்க.

ஆம்ப் போடுறதுன்னா சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் குடுக்குற நாலு சேனல் ஒண்ணு போதும், ரெண்டு சேனல் முன் ஸ்பீக்கருக்கு, வூஃபர் பெட்டி போட்டா மீதி ரெண்டை பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒண்ணாச் சேத்து, அதுக்கு. பவர் வயர் பேட்டரில இருந்து நேரா வரணும், பேட்டரிகிட்டயே, ஒன்றரை அடிக்குள்ள, ஃபியூஸ் கட்டாயம். ஆம்ப் பக்கத்துல ஃபியூஸ் இருக்கேன்னு விட்டுடாதீங்க, பேட்டரிகிட்ட இருக்குற ஃபியூஸ் காப்பாத்துறது வயரை, நடுவுல எங்கயாவது தகட்டுல உரசி ஷார்ட் ஆச்சுன்னா அது இல்லாட்டி வண்டியே எரியும். இன்ஜின் பக்கத்துல இருந்து உள்ள வர்ற இடத்துல ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரம் வயரை வெட்டாம இருக்க மாட்டுற வளையம்) வழியா விடுங்க, வெறும் ஓட்டை போட்டு விடாதீங்க. வயர் சுத்தச் செம்பா இருக்கணும். சந்தைல வர்றது பாதி அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, பிளேடால சுரண்டிப் பாத்தா வெள்ளையா தெரியும், அது அதே தடிமன்ல கம்மி கரண்டுதான் தாங்கும், ஈரத்துல முனையும் சீக்கிரம் அரிச்சுப் போகும். எர்த் வயரை பெயின்ட்டை சுரண்டி வெறும் தகட்டுல போல்ட் போட்டு முறுக்கிட்டு மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல குய்ய்ய்னு சத்தம் ஏறுச்சுன்னா பெரும்பாலும் எர்த்துதான் சரியில்ல, இல்லாட்டி பவர் வயரும் ஆடியோ வயரும் ஒரே பக்கமா வந்திருக்கும், ஒண்ணு வலது பக்கம் போனா இன்னொண்ணு இடது பக்கம் போகட்டும். நிறுத்தி வச்ச வண்டிக்குள்ள எலி வேற வயரைக் கடிக்கும், தொங்க விடாம குழாய்க்குள்ள விட்டுக் கொண்டு வாங்க.

வூஃபர். எனக்கு இதுல பெரிய ஆசை இல்ல, இருந்தாலும் சொல்றேன், மலை வண்டிக்கு சீட்டுக்கு அடியில வைக்கிற 8 இன்ச் தட்டை வூஃபர், ஆம்ப் உள்ளயே இருக்குறது, அதுதான் சரி. டிக்கி காலியா இருக்கும், வளைவுல நகராது. நெஞ்சு அதிராது, அதுக்கு ஆசைப்பட்டா இது வேண்டாம், ஆனா தவில் தவிலா கேக்கும். வைக்கிறதுக்கு முன்னாடி சீட்டை முன்ன பின்ன முழுசா தள்ளி இடிக்குதான்னு பாருங்க, அடிமட்டுல ஈரம் இருக்கான்னும் பாருங்க, மழை நாள்ல நம்ம செருப்பு கொண்டு வர்ற தண்ணி அங்கதான் போய் நிக்கும், கால் இன்ச் தூக்கி வச்சு மாட்டுங்க. இல்ல எனக்குப் பெட்டிதான் வேணும்னா 10 இன்ச், மூடின பெட்டி, ஓட்டை வச்ச பெட்டி வேண்டாம். அதை எல் ஆங்கிள் போட்டு வண்டித் தரையோட போல்ட் பண்ணுங்க. போல்ட்டுக்கு ஓட்டை போடுறதுக்கு முன்னாடி கீழ பெட்ரோல் டேங்க்கும் பிரேக் லைனும் எங்க போகுதுன்னு குனிஞ்சு பாத்துட்டுப் போடுங்க.

ஆம்ப்ல இருக்குற கெயின் திருகாணியை வால்யூம்னு நினைச்சு முழுசா திருப்பிடுறதுதான் ஸ்பீக்கர் கருகுறதுக்கு முக்கால் காரணம். மல்டிமீட்டர் இருந்தா சுலபம். ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு, ஸ்டீரியோல ஈக்குவலைசர் எல்லாம் சைபர் வச்சு, வால்யூம் முக்கால்ல வச்சு, 1000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ணு ஓட விட்டு ஆம்ப் முனைல ஏசி வோல்ட் அளங்க. கணக்கு என்னன்னா வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும், 50 வாட் 4 ஓம்னா 200, அதோட வர்க்கமூலம் 14 வோல்ட் சொச்சம். மீட்டர் 14 காட்டுற இடத்துல கெயினை நிறுத்திடுங்க, முடிஞ்சது. வூஃபர் சேனலுக்கு அதோட வாட்டையும் ஓமையும் போட்டு இதே கணக்கு, டோன் மட்டும் 50 ஹெர்ட்ஸ் வைங்க. அப்புறம் கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதுக்குக் கீழ உள்ள சத்தத்தைக் குறைச்சிரும்), வூஃபருக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதுக்கு மேல உள்ளதைக் குறைச்சிரும்), இதுல இருந்து காதுக்குத் தக்க கொஞ்சம் முன்ன பின்ன வச்சுக்கலாம்.

காதுன்னு சொன்னதும் ஒண்ணு, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டாரு. கீழ செட் பண்ணிக்கிட்டு 7000 அடி ஏறி வந்தா காது அடைச்சுக்கும், எல்லாமே பஞ்சு வச்ச மாதிரி மந்தமா கேக்கும், உடனே டிரெபிளைக் கூட்டுவோம், மறுநாள் காலைல கேட்டா காதைக் கிழிக்கும். மலை ஏறி வந்த அன்னைக்கு எதையும் திருகாதீங்க. நல்லா தூங்கி எந்திரிச்சு, வண்டியை அமைதியான இடத்துல நிறுத்தி, கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு, உங்களுக்கு மனப்பாடமான ரெண்டு பாட்டு போட்டு அப்புறம் கை வைங்க. கண்ணாடி இறக்கி வச்சிருந்தா பேஸ் வெளிய ஓடிரும், அதை நம்பி வூஃபரைக் கூட்டினா பனி விழுந்து கண்ணாடி ஏத்துற அன்னைக்குத் தலை வலிக்கும்.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பாட்டு கேக்குறவங்க, மார்கழிக் குளிர்ல பேட்டரி ஏற்கனவே பாதி உசுர்லதான் இருக்கும்ங்கிறதை ஞாபகம் வச்சுக்குங்க. மீட்டர்ல 12.6 வோல்ட்னா முழு சார்ஜ், 12.2க்கு வந்துருச்சுன்னா கிட்டத்தட்ட பாதி, அதுக்கும் கீழ போனா காலைல தள்ளு வண்டிதான். பாட்டை போன்ல ஸ்ட்ரீம் பண்றதும் மலைப் பாதைல பாதிப் பாட்டுலயே டவர் போயிரும், பென்டிரைவை ஃபேட் 32ல ஃபார்மேட் பண்ணி 320 கேபிபிஎஸ் பாட்டா ஏத்தி வச்சுக்குங்க. கொண்டை ஊசி வளைவுல கண்ணாடியை ரெண்டு இன்ச் இறக்கி சத்தத்தைக் குறைச்சுக்குங்க, மேல ஏறி வர்ற பஸ்ஸுக்கு நாமதான் ஒதுங்கணும், அவர் அடிக்கிற ஹாரன் நமக்குக் கேக்கணும்ல. ராத்திரில காட்டுமாடு ரோட்டு நடுவுல நிக்கும், அதுக்கு உங்க வூஃபர் மேல எந்த மரியாதையும் கிடையாது.

எல்லாம் மாட்டி முடிச்சதும் போன்ல 30ல இருந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஸ்வீப் டோன் (கீழ இருந்து மேல ஏறிக்கிட்டே போற சத்தம்) ஒண்ணு ஓட விட்டு, ஒருத்தரை உள்ள உக்கார வச்சு எது எது கடகடங்குதுன்னு கைய வச்சுப் பாக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் நம்பர் பிளேட், பார்சல் டிரே, கிளவ் பாக்ஸ்ல கிடக்குற சில்லறை, ஃபெல்ட் டேப் ரெண்டு ரூபா துண்டு ஒட்டினா அடங்கிரும். மலை ரோட்டு ஆட்டத்துக்கு ஸ்க்ரூ எல்லாம் லூஸ் ஆகும், அதனால ரெண்டு மூணு தடவை வத்தலக்குண்டு இறங்கி ஏறினப்புறம் எர்த் போல்ட், பேட்டரி முனை, ஃபியூஸ் ஹோல்டர் மூணையும் ஒரு தடவை முறுக்கிப் பாத்துடுங்க, அரை மணி நேரம் பாட்டு ஓடின பிறகு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டா வெதுவெதுப்பா இருக்கலாம், கை வைக்க முடியாத சூடுன்னா அங்க வயர் சரியா கடிக்கல, கழட்டி திரும்ப கிரிம்ப் பண்ணுங்க.